கீமோவுக்குப் பிறகான நாட்களில் சந்தர்ப்பவாதத் தொற்றை வீட்டிலேயே தடுப்பது எப்படி

புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டவர் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் நாளில் அவருடைய இரத்தத்தில் வெள்ளையணுக்கள் பெரும்பாலும் போதிய அளவில்தான் இருக்கும். மருந்து எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, புதிய அணுக்கள் உருவாவது குறைந்து, ஏற்கெனவே இருந்தவையும் தீர்ந்துபோவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். பல மருந்துகளில் ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் எண்ணிக்கை அடிமட்டத்தைத் தொடுகிறது. அடையாற்றிலோ வேலூரிலோ மருந்து ஏற்றிக்கொண்டு தென்காசிக்கும் பரமக்குடிக்கும் திரும்பிவிட்ட குடும்பங்களுக்கு, ஆபத்து மிகுந்த அந்த நாட்கள் மருத்துவரோ செவிலியரோ அருகில் இல்லாமல் வீட்டுக் கூடத்தில்தான் கழிகின்றன. அந்த நாட்களில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

தடுக்க வேண்டியவை எவை என்பது தெரிந்தால்தான் எப்படித் தடுப்பது என்பது விளங்கும். சந்தர்ப்பவாதத் தொற்று என்பது, நல்ல உடல்நிலையில் இருப்பவரை ஒன்றும் செய்யாத கிருமி, எதிர்ப்பாற்றல் தளர்ந்தவரிடம் நோயை உண்டாக்குவதாகும். இந்தக் கிருமிகள் எங்கிருந்தோ வருபவை அல்ல. எஸ்கெரிக்கியா கோலியும் கிளெப்சியெல்லாவும் நம் குடலிலேயே குடியிருக்கின்றன. கீமோ மருந்து குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும்போது அவை அந்த வழியாக இரத்தத்துக்குள் நுழைந்துவிடுகின்றன. வாயில் வாழும் விரிடன்ஸ் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வாய்ப்புண்ணின் வழியாக நுழைகிறது. தோலில் படிந்திருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், மருந்து செலுத்துவதற்காகக் கை நரம்பு வழியே பொருத்தப்பட்ட பிக் லைன் குழாயின் மேல் வழவழப்பான படலமாக ஒட்டிக்கொள்கிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசாவோ ஈரம் இருக்கும் இடமெல்லாம் வாழும்: கழுவுதொட்டியின் வடிகுழாய், நனைந்த தரைத்துடைப்பான், பூச்சாடித் தண்ணீர், சரியாகக் கலக்காத கிருமிநாசினிக் கரைசல்கூட அதற்குப் போதும். கட்டுத்துணிகளில் நீலப்பச்சைக் கறை படிவது ஏன் என்று ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் கார்ல் கெஸ்ஸார் 1882-இல் இதைப் பிரித்தெடுத்தார். அந்த நிறத்தைத் தருவது இக்கிருமி சுரக்கும் பயோசயனின் என்ற சாயம்.

இத்தனை கிருமிகளுக்கு நடுவில் நாம் நலமாக இருப்பதற்கு முதன்மையான காரணம் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. உருவானவை இரத்தத்தில் சுற்றுவது சில மணி நேரம் முதல் ஒரு நாள் வரைதான். அதனால்தான் உற்பத்தி நின்றால் இருப்பு இவ்வளவு விரைவாகக் காலியாகிறது. இரத்த நியூட்ரோஃபில் எண்ணிக்கைக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பை லுகேமியா என்ற இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் அளந்து காட்டிய ஜெரால்ட் போடியின் ஆய்வு 1966-இல் வெளிவந்தது. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் எண்ணிக்கை 1,000-க்குக் கீழே போனால் ஆபத்து கூடுகிறது, 500-க்குக் கீழே போனால் வேகமாகக் கூடுகிறது, 100-க்குக் கீழே மிகக் கடுமையாகிறது.

எண்ணிக்கையை நீங்களே கணக்கிடலாம்

இரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்த வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும், அதில் நியூட்ரோஃபில் எத்தனை சதவீதம் என்பதும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் நமக்கு வேண்டிய எண் கிடைக்கும். மொத்தம் 1,800, நியூட்ரோஃபில் 22 சதவீதம் என்றால் விடை 396. மொத்த எண்ணை மட்டும் பார்த்து, ‘ஆயிரத்து எண்ணூறு இருக்கிறதே’ என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. பெரியவர்களுக்கு 1,500-க்கு மேல் இருப்பதே இயல்பான அளவு. கீமோ ஏற்றிய நாளை முதல் நாளாகக் கொண்டு, நாட்காட்டியில் ஒவ்வொரு நாளுக்கும் எண் போட்டு, ஏழு முதல் பதினான்கு வரை வட்டமிட்டு, வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவையுங்கள். உங்கள் நோயாளிக்குக் கொடுக்கும் மருந்தில் எண்ணிக்கை எந்த நாட்களில் குறையும் என்று மருத்துவரிடம் கேட்டு அதற்கேற்ப வட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள். சிலருக்கு மறுநாளே வெள்ளையணு உற்பத்தியைத் தூண்டும் ஊசி எழுதித் தருவார்கள். அந்த ஊசியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும், ஆனால் உறையவிடக் கூடாது. ஊசி போட்டாயிற்று என்பதற்காகக் கவனத்தைத் தளர்த்தவும் கூடாது.

காய்ச்சலைக் கையாளுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சீழ் என்பது பெரும்பகுதி இறந்த நியூட்ரோஃபில்கள்தான். ஆகவே நியூட்ரோஃபில் இல்லாத உடலில் சீழ் பிடிக்காது. புண் சிவந்து வீங்காது. நுரையீரலில் கிருமி இறங்கியிருந்தாலும் எக்ஸ்ரே தெளிவாக இருக்கலாம், சளியும் வராமல் போகலாம். தொற்றின் அடையாளங்களாக நாம் சிறு வயது முதல் கண்டு பழகியவை யாவும் மறைந்து, காய்ச்சல் ஒன்றே எஞ்சி நிற்கும். அதனால்தான் சாதாரண நாட்களில் நாம் பொருட்படுத்தாத ஒரு காய்ச்சல், இந்த நாட்களில் நள்ளிரவாக இருந்தாலும் வண்டி பிடிக்க வேண்டிய அவசரமாகிறது.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் இனியது அல்ல. என் தாயாருக்கு இரண்டாம் சுற்றுக் கீமோ முடிந்த பதினோராம் நாள் இரவு, குளிர்கிறது என்று போர்வையை இழுத்துக்கொண்டார். தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. கையில் இருந்த பிக் லைனைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சிவப்பில்லை, வீக்கமில்லை, அழுத்தினால் வலிக்கவும் இல்லை. எதுவும் இல்லையே என்ற ஆறுதலில் ஒரு பாராசிட்டமாலைக் கொடுத்தேன், வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது, நானும் உறங்கிப்போனேன். விடிகாலையில் எழுப்பியபோது கை கால்கள் சில்லிட்டு, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். இரத்தத்தில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிளெப்சியெல்லா வளர்ந்தது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் மாத்திரை மறைத்துவைத்த அந்த ஐந்து மணி நேரத்தை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. என்னைப் போல் இன்னொருவர் டார்ச்சை அணைத்துவிட்டுப் படுக்கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றின் பேட்டரி எப்போது தீரும் என்று யாருக்கும் தெரியாது. வட்டமிட்ட நாட்களில் காலையிலும் மாலையிலும், உடம்பு சரியில்லை என்று நோயாளி சொல்லும்போதெல்லாமும் அளந்து, நேரத்தோடு குறித்துவையுங்கள். நாக்குக்கு அடியில் வைப்பது நல்லது. காபியோ குளிர்ந்த நீரோ குடித்திருந்தால் இருபது நிமிடம் கழித்து வையுங்கள். வாய்ப்புண் கடுமையாக இருந்தால் அக்குளில் வைக்கலாம், ஆனால் அங்கே உண்மையான அளவைவிடக் குறைவாகவே காட்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆசனவாயில் ஒருபோதும் வைக்கக் கூடாது. அங்கே ஏற்படும் கண்ணுக்குத் தெரியாத கீறலே குடல் கிருமிகளுக்கு வாசலாகிவிடும். மலச்சிக்கலுக்கு எனிமா கொடுப்பதும் ஆசனவாய் வழியே மருந்து வைப்பதும் இதே காரணத்தால் கூடாது.

ஒரு முறை 101 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலும், 100.4 டிகிரியில் ஒரு மணி நேரம் நீடித்தாலும் மருத்துவ உலகில் அது காய்ச்சல். வீட்டில் இருப்பவர் அந்த ஒரு மணி நேரத்தைக்கூடக் காத்திராமல், 100.4-ஐக் கண்டவுடனேயே தொலைபேசியை எடுக்க வேண்டும். மருத்துவர் சொல்லும் முன் பாராசிட்டமால் வேண்டாம். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும் உடலில் இரத்தக்கசிவுக்கும் வழிசெய்யும் என்பதால் அவை அறவே வேண்டாம். கீமோவோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் முதியவருக்கும் தொற்று இருந்தும் காய்ச்சல் வராமல் போகலாம். ஆகவே காய்ச்சல் இல்லாத நடுக்கம், புதிதாக வந்த குழப்பம், மூச்சிரைப்பு, சிறுநீர் வெகுவாகக் குறைதல், தோலில் சட்டென்று தோன்றிக் கறுத்துப்போகும் புள்ளி ஆகியவற்றையும் காய்ச்சலுக்கு நிகராகவே எடுத்துக்கொள்ளுங்கள். கறுத்த புள்ளி சூடோமோனாஸ் இரத்தத்தில் பரவியதன் அடையாளமாக இருக்கக்கூடும்.

தண்ணீரும் ஈரமும்

குடிநீரை நன்றாகக் கொதி வந்த பிறகு மேலும் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியபடியே ஆறவிட்டு, அதே பாத்திரத்திலோ வாய் குறுகிய குடத்திலோ வைத்து, சாய்த்து ஊற்றிக் குடிக்கக் கொடுங்கள். குவளையை முக்கி எடுத்தால் கொதிக்கவைத்த பயன் போய்விடும், ஏனெனில் குவளையைப் பிடித்த விரல்களும் உள்ளே போகின்றன. ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். வடிகட்டிய நீரில் குளோரின் எஞ்சியிராது என்பதாலும், இயந்திரத்தின் சேமிப்புத் தொட்டியிலும் குழாயிலும் கிருமிப் படலம் படரக்கூடும் என்பதாலும், அந்த நீரையும் கொதிக்கவைப்பதே பாதுகாப்பு. கேன் தண்ணீருக்கும் இதே விதிதான். கேனை விடக் கேனைக் கவிழ்த்துவைக்கும் தாங்கியின் குழாய்தான் கழுவப்படாமல் கிடக்கும் இடம்.

குளியலறையில் கவனிக்க வேண்டியது பீர்க்கங்காய் நார். நம் வீடுகளில் நெடுங்காலமாக இருக்கும் நல்ல பொருள்தான். ஆனால் ஈரமாகவே தொங்கும் அந்த நாரின் இழைகளுக்கிடையில் இறந்த தோல் செதில்கள் தங்கிக் கிருமிக்கு உணவாகின்றன, சூடோமோனாஸ் அதில் செழித்து வளர்வது ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. சிகிச்சை முடியும்வரை கையாலேயே சோப்புப் போட்டுக்கொள்ளட்டும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அடிக்கடி மாற்றுங்கள். தரைத்துடைப்பானை வாளியில் ஊறவிடாமல் வெயிலில் காயப்போடுங்கள். காய்ந்த இடத்தில் சூடோமோனாஸ் ஈரத்தில் போலப் பெருகாது, ஆகவே வீட்டைக் கிருமிநாசினியால் குளிப்பாட்டுவதைவிட உலரவைப்பதற்கே முதலிடம் கொடுங்கள். நோயாளியின் அறையில் பூச்சாடியோ தண்ணீரில் வளரும் செடியோ வேண்டாம். நெபுலைசர் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு முறையும் கொதித்தாறிய நீரில் கோப்பையைக் கழுவி, முழுவதும் உலர்ந்த பிறகே எடுத்துவையுங்கள்.

அடுக்களை

கிருமியற்ற உணவு என்ற பெயரில் காயும் பழமும் முற்றிலும் விலக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அப்படிக் கடுமையாக விலக்கியவர்களுக்குத் தொற்று குறைந்ததாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. வாய்க்கசப்பும் குமட்டலும் உள்ளவரைப் பட்டினி போடாமல், சுத்தமாகச் சமைத்துச் சூட்டோடு கொடுப்பதில் கவனம் செலுத்துவதே மேல் என்பது என் கருத்தும்கூட. இட்லி மாவு புளித்ததுதானே என்று அஞ்ச வேண்டியதில்லை, ஆவியில் வெந்துவிடுகிறது. கூடவே வைக்கும் தேங்காய்ச் சட்னிதான் காலையில் அரைத்து மதியம் வரை வெளியில் இருக்கிறது. அரைத்த உடனே தனியாக எடுத்துவைத்துக் கொடுத்துவிடுங்கள், மீதியை அவருக்கு வைக்காதீர்கள்.

பழைய சோற்றை இந்த நாட்களில் நிறுத்திவையுங்கள். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருந்து, சோறு இரவெல்லாம் வெளியில் இருக்கும்போது முளைக்கின்றன. மற்றவர்களுக்கு இதனால் வருவது பெரும்பாலும் வாந்தியோ பேதியோதான். வெள்ளையணு இல்லாதவரின் இரத்தத்திலும் மூளையிலும்கூட அது பரவியிருக்கிறது. குளிர்சாதனப் பெட்டியையும் முழுதாக நம்ப வேண்டாம்: லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரி செல்சியஸ் குளிரிலும் மெதுவாக வளரும். எடுத்துவைத்த குழம்பை ஆவி பறக்கக் கொதிக்கவைத்த பிறகே பரிமாறுங்கள். முட்டையை மஞ்சள்கரு கெட்டியாகும் வரை வேகவையுங்கள், ஆஃப் பாயில் வேண்டாம். தோலுரிக்கக்கூடிய பழங்களான வாழை, மாதுளை, ஆரஞ்சு ஆகியவற்றை வெளித்தோலைக் கழுவிய பிறகு உரித்துக் கொடுக்கலாம். இளநீர் கேட்டால் காயை வாங்கிவந்து வீட்டில் கழுவி, சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். காய்ச்சிய பாலில் வீட்டில் உறையூற்றிய தயிரைச் சில மருத்துவர்கள் அனுமதிப்பார்கள், சிலர் மாட்டார்கள்; கேட்டுவிட்டுக் கொடுங்கள். புரோபயாடிக் மாத்திரைகளை யாருடைய சொல்லையும் கேட்டு வாங்கிவராதீர்கள், நன்மை செய்யும் அந்த பாக்டீரியாவே இந்த நிலையில் இரத்தத்தில் நுழைந்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். பார்க்க வரும் உறவினர் அன்போடு அருகம்புல் சாறும் பப்பாளி இலைச் சாறும் கொண்டுவருவார்கள், கோயிலிலிருந்து தீர்த்தமும் பஞ்சாமிர்தமும் வரும். பச்சை இலையோடு மண்ணில் வாழும் கிருமிகளும் சேர்ந்தே அரைபடுகின்றன. அன்பை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, நோயாளிக்குக் கொடுக்காமல் இருப்பதே நம்மால் செய்யக்கூடியது. தீர்த்தத்தைக் கண்ணால் தரிசித்தாலே போதும் என்று என் தாயாரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

வாய், தோல், குழாய்

ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, ஆப்ப சோடா ஒரு தேக்கரண்டி கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கப் போகும்போதும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள். பல் துலக்க மிருதுவான பிரஷ் போதும். வேப்பங்குச்சி, ஈறைக் கீறும் பல்குச்சி ஆகியவை வேண்டாம். சவரத்துக்குப் பிளேடைத் தவிர்த்து மின்சார ரேஸரைப் பயன்படுத்தட்டும். நகத்தை ஒட்ட வெட்டக் கூடாது. மலம் கழித்த பின் மென்மையாகக் கழுவி ஒற்றித் துடைக்க வேண்டும். அங்கே வலி இருந்தால் கூச்சப்படாமல் சொல்லும்படி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், நம் பெண்கள் இதைக் கடைசிவரை சொல்லமாட்டார்கள்.

பிக் லைனைத் தொடும் யாராக இருந்தாலும், செவிலியராகவே இருந்தாலும், முதலில் கையைக் கழுவ வேண்டும். பிறகு குழாயின் முனையை ஆல்கஹால் துணியால் பதினைந்து நொடி அழுத்தித் தேய்த்து, உலரும் வரை காத்திருந்த பின்பே ஊசியைப் பொருத்த வேண்டும். வீட்டுக்கு வந்த செவிலியர் ஒருவர் மனத்துக்குள் பதினைந்து வரை எண்ணி, பிறகு கையை எடுத்து, ஈரம் மறைவதைப் பார்த்துக்கொண்டே நின்றதைக் கவனித்த பிறகுதான் இதன் முக்கியம் எனக்கு உறைத்தது. யாராவது அவசரப்பட்டால் தயங்காமல் நினைவூட்டுங்கள். ஒட்டுப்பட்டை வாரம் ஒரு முறை மாற்றப்பட வேண்டும், நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ அன்றே மாற்ற வேண்டும். குழாயில் மருந்தோ உப்புநீரோ செலுத்திய சிறிது நேரத்தில் நடுக்கம் கண்டால், கிருமி குழாயிலேயே இருக்கிறது என்று சந்தேகித்து உடனே தெரிவியுங்கள்.

மனிதர், விலங்கு, மண்

வீட்டில் உள்ளவர்கள் வெளியிலிருந்து வந்ததும் இருபது நொடி சோப்பால் கை கழுவட்டும். சானிடைசர் நல்லதுதான் என்றாலும், ஆன்டிபயாடிக் எடுத்தவருக்குப் பேதியை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசிலின் வித்துகளை அது கொல்லாது, சோப்பும் ஓடும் நீரும்தான் அவற்றை அகற்றும். அப்படிப் பேதி கண்டால் பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் வரவேண்டாம் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். நாயும் பூனையும் நக்கவோ கீறவோ விடக் கூடாது.

சர்க்கரை நோயும் உள்ளவர் என்றால் வயலிலும் தோட்டத்திலும் இறங்கவே கூடாது, மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நடக்கவும் கூடாது. பர்க்ஹோல்டீரியா சூடோமல்லி என்ற மண் பாக்டீரியா உண்டாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் வரும் ஆபத்தைக் கூட்டுவதில் முதன்மையானது சர்க்கரை நோயே. ஆல்ஃபிரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் 1911-இல் ரங்கூனில் கண்டறிந்த இந்நோய் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. நுரையீரலைப் பாதிக்கும்போது பார்வைக்குக் காசநோய் போலவே இருப்பதால் பல வேளைகளில் தவறவிடப்படுகிறது. விவசாயக் குடும்பத்தினர் மருத்துவரிடம் தம் தொழிலைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது.

மருத்துவமனைக்குப் போகும்போது

ஒரு பையைத் தயாராக வைத்திருங்கள். கடைசிக் கீமோவின் தேதி, மருந்துகளின் பெயர்கள், அண்மைய இரத்தப் பரிசோதனைத் தாள், ஒவ்வாமை விவரம், நீங்கள் எழுதிவைத்த காய்ச்சல் குறிப்பு ஆகியவை அதில் இருக்கட்டும். கீமோ கொடுத்த மருத்துவமனை வெகுதூரத்தில் இருந்தால், பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் நரம்பு வழி ஆன்டிபயாடிக் போடுவார்கள் என்பதை முதல் சுற்றுக்கு முன்பே விசாரித்துவையுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள். அவசரப் பிரிவில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். ‘கீமோ எடுத்துப் பதினோராம் நாள், வெள்ளையணு குறைந்திருக்கும், 100.8 காய்ச்சல்’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போக வேண்டும் என்பது நெறிமுறை.

கல்ச்சர் முடிவு வரட்டும் என்று காத்திருந்த காலத்தில், சூடோமோனாஸ் இரத்தத்தில் கலந்த நோயாளிகள் பலர் முடிவு வருவதற்குள் இறந்துபோனார்கள். காய்ச்சல் கண்டவுடனேயே கார்பெனிசிலின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்குகளைத் தொடங்கும் முறையை ஸ்டீஃபன் ஷிம்ஃப் குழுவினர் 1971-இல் வெளியிட்ட பிறகே அந்த நிலை மாறத் தொடங்கியது. இன்று பிபராசிலின்-டாசோபாக்டம், செஃபிபைம் போன்றவற்றை முதலில் தேர்ந்தெடுப்பதும் அவை சூடோமோனாஸையும் அடக்கும் என்பதால்தான். ஆன்டிபயாடிக்குக்கு முன்பாகக் கையிலிருந்தும் பிக் லைனிலிருந்தும் தனித்தனியே கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள். கிருமி எங்கிருந்து வந்தது என்பதையும், எந்த மருந்துக்கு அடங்கும் என்பதையும் அதுதான் சொல்லும். நம் நாட்டில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் எடை உண்டு. கடைசி ஆயுதமான கார்பாபெனெம் மருந்துகளையே செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்.-1 நொதியைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வில் சென்னையில் சேகரித்த கிருமிகளும் இருந்தன. மருந்துக்கு அடங்காத கிருமிகளை எதிர்கொள்வது பற்றி 2012-இல் மருத்துவர்கள் கூடிச் சென்னைப் பிரகடனத்தை வெளியிட்டதும் இந்தக் கவலையால்தான். முன்பு எப்போதோ வாங்கிய ஆன்டிபயாடிக்கின் மீதியை வீட்டில் கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போவது கல்ச்சரையும் கெடுக்கும், கிருமிக்கும் பயிற்சி கொடுக்கும்.

பதினைந்தாம் நாளுக்குப் பிறகு எடுக்கும் பரிசோதனையில் நியூட்ரோஃபில் 1,000-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தால், உணவிலும் விருந்தினர் வருகையிலும் எவற்றைத் தளர்த்தலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டரை மட்டும் உள்ளே வைத்துவிடாதீர்கள். அடுத்த சுற்று ஏற்றிய அன்று நாட்காட்டியில் மீண்டும் ஒன்று என்று எழுதுங்கள்.